ஊருக்குத் திரும்பிய 94-ம் நம்பர்

கனடாவின் எட்மன்டன் நகரத்து ஐஸ் ஹாக்கி ரசிகர்களுக்கு ஆறாத காயம் ஒன்று உண்டு. 1988 ஆகஸ்ட்டில், உலகமே கொண்டாடிய வேய்ன் கிரெட்ஸ்கியை அவர்களின் ‘ஆயிலர்ஸ்’ அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்றுவிட்டது. நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர். போனவர் போனவர்தான். 1999-ல் ஓய்வு பெற்றபோது அவர் போட்டிருந்தது நியூயார்க் அணியின் சட்டை.

அந்தக் காயம் தெரிந்தால்தான், 2014 ஏப்ரலில் ரையன் ஸ்மித் ஓய்வை அறிவித்தபோது எட்மன்டன் ஏன் அப்படிக் கலங்கியது என்பது புரியும். வெறும் எண்களை வைத்துப் பார்த்தால் புரியாது. 1,270 ஆட்டங்களில் 386 கோல்கள். நல்ல கணக்குதான். ஆனால், கிரெட்ஸ்கி அடித்தவை 894. கோப்பையை ஸ்மித் ஒருமுறைகூட வென்றதில்லை.

ஸ்மித் அதே ஆல்பர்ட்டா மாகாணத்துப் பிள்ளை. பான்ஃப் என்ற மலையூரில் பிறந்தவர். 1994-ல் ஆயிலர்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. சட்டை எண்ணும் 94. பிடரியில் புரளும் நீண்ட முடிதான் அவருடைய அடையாளம். மின்னல் வேகமெல்லாம் கிடையாது. எதிரணி கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். முதுகில் இடி விழும், காலில் மட்டையடி விழும். நகரமாட்டார். ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு எங்காவது பட்டுத் தெறித்து வந்தால், அதை உள்ளே தட்டிவிடுவார். அழகான கோல்கள் இல்லை. ஆனால், காலையில் எழுந்து உறைபனியில் வேலைக்குப் போகிற ஊருக்கு, அந்த மாதிரி உழைப்பு தன் உழைப்பைப் போலவே தெரிந்திருக்க வேண்டும்.

2006-ல் சான் ஹோசே அணியுடனான ஆட்டம் ஒன்றை ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். சக வீரர் அடித்த வட்டே ஸ்மித்தின் வாயில் பட்டு, மூன்று பற்கள் போயின. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மூன்றாவது கூடுதல் நேரம் வரை நீண்ட அந்த ஆட்டத்தில், வெற்றி கோலுக்கு வட்டைக் கொடுத்தவரும் அவர்தான். அந்த ஆண்டு அணி இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது.

அடுத்த பிப்ரவரியில் சம்பளப் பேச்சு முறிந்தது. இரு தரப்புக்கும் இடையே இருந்தது சின்னத் தொகைதான் என்று செய்திகள் வந்தன. அவரை நியூயார்க் ஐலாண்டர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். எட்மன்டன் விமான நிலையத்தில், கேமராக்களுக்கு முன்னால் குழந்தைபோல அழுதார் ஸ்மித். பணத்துக்காகப் போகிறவன் இப்படி அழமாட்டான் என்று ரசிகர்கள் அன்றே முடிவு செய்துவிட்டார்கள்.

நியூயார்க், கொலராடோ, பிறகு லாஸ் ஏஞ்சலஸ். கிரெட்ஸ்கி போய்ச் சேர்ந்த அதே ஊர். அங்கிருந்துதான், 2011-ல், ‘என்னை எட்மன்டனுக்கே அனுப்புங்கள்’ என்று கேட்டு வாங்கித் திரும்பினார். அப்போது ஆயிலர்ஸ் பட்டியலின் அடியில் கிடந்த அணி. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அடுத்த ஆண்டே, 2012 ஜூனில், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டான்லி கோப்பையை வென்றது!

இருந்திருந்தால் அவர் கையிலும் கோப்பை இருந்திருக்குமே என்று ரசிகர்கள் பேசாமல் இல்லை. பேச்சில் வருத்தத்தோடு கொஞ்சம் கர்வமும் இருக்கும். நமக்காக அல்லவா வந்தான் என்கிற கர்வம். கோப்பையைக் கோட்டைவிட்டதற்கு ஒருவரை இவ்வளவு நேசிப்பது வேடிக்கைதான்.

திரும்பி வந்த மூன்று சீசனிலும் ஆயிலர்ஸ் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. அவருக்குக் ‘கேப்டன் கனடா’ என்று பட்டம் உண்டு. வசந்த காலத்தில் உலக சாம்பியன்ஷிப்புக்கு நாடு கூப்பிடும்போதெல்லாம் போய் ஆடியதால் வந்தது. பிளே-ஆஃபில் இருப்பவர்கள் அதற்குப் போக முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்!

2014 ஏப்ரல் 12, வான்கூவருடன் கடைசி ஆட்டம். அன்று ஒருநாள் மட்டும் ‘சி’ என்ற கேப்டன் எழுத்தை ஸ்மித்தின் சட்டையில் தைத்திருந்தார்கள். ‘பவர் பிளே’ கோல்களில் கிளென் ஆண்டர்சனோடு 126-ல் சமமாக இருந்தார். இன்னும் ஒன்று விழுந்தால் அணியின் சாதனை அவருக்கே. அரங்கம் முழுக்க அந்த ஒன்றுக்காகக் கத்தியது. விழவில்லை. ஆயிலர்ஸ் 5-2 என்று ஜெயித்தது.

ஐஸ் ஹாக்கியில், பிளே-ஆஃப் தொடர் முடிந்தால்தான் இரு அணியும் வரிசையில் நின்று கைகுலுக்கும் வழக்கம். எட்மன்டன் அரங்கில் எட்டு ஆண்டுகளாக அந்தக் காட்சி இல்லை. அன்று, தோற்ற வான்கூவர் வீரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போகாமல் பனித்தளத்திலேயே நின்றார்கள், ஸ்மித்தின் கையைக் குலுக்குவதற்காக.