லைடனிலிருந்து வெளிப்பாளையத்துக்கு

கக்கூசு என்ற சொல்லை ஒரு டச்சு மூதாட்டியின் முன்னால் உச்சரித்தால் என்ன நேரும் என்று எந்தச் சொற்பிறப்பியல் அகராதியும் எச்சரிப்பதில்லை. லைடன் நகரில் அவள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர், எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணீர் வரும்வரை சிரித்தார். மலம் கழிக்கும் வீடு என்று பொருள்படும் அதன் டச்சு மூலத்தை அங்கே இன்று நாகரிகமான சபையில் யாரும் சொல்வதில்லை. நாகப்பட்டினத்துப் பெரியவர்களோ அதைக் கூச்சமின்றிப் புழங்கி வருகிறார்கள். 1658 முதல் 1781 வரை அந்த ஊர் டச்சுக்காரர்களிடம் இருந்தது. கோட்டை போயிற்று, கொடி போயிற்று, கழிப்பறையின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. கூடவே துட்டும் நின்றது. அது அவர்களுடைய செப்புக் காசின் பெயர்.

இத்தகைய கடன்சொற்களைத் தேடித்தான் ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அவள் பத்து மாத உதவித்தொகையில் நெதர்லாந்து சென்றிருந்தாள். திரும்பி வந்தபின் அங்கே கண்ட ஆவணங்களைப் பற்றி அவளிடம் கேட்டவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு அவள் சொன்னதெல்லாம் கழிப்பறை நாட்காட்டியின் கதை.

டச்சு வீடுகளில் பிறந்தநாள் குறிக்கும் நாட்காட்டியைக் கழிப்பறையில் தொங்கவிடுவது வழக்கம். அதில் ஆண்டு இராது, கிழமையும் இராது. மாதங்களும் தேதிகளும் மட்டுமே. உறவினர், நண்பர் பெயர்களை ஒருமுறை எழுதிவிட்டால் ஆயுளுக்கும் போதும். அன்றாடம் தவறாமல் கண்ணில் படும் இடம் வேறு எது? பிறந்தநாள் விழாவுக்கும் அங்கே தனி இலக்கணம் உண்டு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அமர்வார்கள். பிறந்தநாள் காண்பவரோடு அவருடைய தாய், கணவர், மகள் என்று எல்லோரையும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். தன் முதல் விழாவில் அவள் வட்டத்தை முழுமையாகச் சுற்றிப் பதினொரு பேரை வாழ்த்தி முடித்தாள். பன்னிரண்டாமவர் குழாய் பழுதுபார்க்க வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரும் நன்றி கூறி வாழ்த்தை ஏற்றுக்கொண்டார்.

காப்பியோடு ஒரு பிஸ்கட் தருவார்கள். தந்ததும் டப்பா மூடப்படும். இரண்டாவதைப் பற்றிய பேச்சே கிடையாது. மார்ச் மாதத்தில் ஒரு மாலை, மூதாட்டி டப்பாவை மூடாமல் மேசையிலேயே விட்டுவைத்தார். குடியுரிமை கிடைத்தால்கூட அவள் அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டாள்.

வேலை பெரும்பாலும் டென் ஹாக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில். லைடனிலிருந்து ரயிலில் கால்மணி நேரம். கம்பெனி எழுத்தர்களின் சுருள் கையெழுத்தோடு மல்லாடிவிட்டு மாலையில் திரும்புவாள். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையளித்த செய்தியைச் சொல்லும் செப்பேடுகள் நெடுங்காலம் இருந்ததும் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில்தான். மொத்தம் 21 ஏடுகள். தமிழில் 16, வடமொழியில் 5. தன் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய ஊரின் எல்லைகளை அறிய இத்தனை தொலைவு வர வேண்டியிருக்கிறதே என்று அவள் வீட்டுக்கு எழுதியபோது, “அங்கே போக பஸ் ஒழுங்கா வர்றதில்ல, நீ போனதுதான் சுருக்கு” என்று அப்பா பதில் அனுப்பினார்.

ஜூன் இறுதியில் ஊர் திரும்பினாள். முதல் வாரம் முழுவதும் வீட்டாருக்கு நல்ல வேடிக்கை. சாலையைக் கடக்க வெள்ளைக் கோடுகளின் ஓரத்தில், வண்டிகள் தாமாக நிற்கும் என்று காத்து நின்றாள். பூ விற்கும் அம்மா ஒருவர் கையைப் பிடித்து இழுத்து மறுபக்கம் சேர்த்தார். அத்தையைத் தொலைபேசியில் அழைத்து “எப்ப வந்தா உங்களுக்குச் சௌகரியம்?” என்று கேட்டாள். “சொல்லிட்டு வர்ற அளவுக்கு நாங்க என்ன அன்னியமா?” என்று அத்தை இரண்டு நாள் பேசவில்லை. அம்மா காப்பி தந்தபோது, பத்து மாதப் பழக்கத்தில், “நன்றிம்மா” என்று வாயில் வந்துவிட்டது. அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “யாருக்குடி நன்றி? நான் என்ன ஓட்டல்காரியா?”

தமிழ் வீடுகளில் நன்றி என்ற சொல் தொலைவைக் குறிக்கும் இடைச்சொல் போலச் செயல்படுகிறது என்று ஒரு கட்டுரையே எழுதலாம். அவள் எழுதவில்லை. அந்த வாரம் அவள் மனம் அங்கே இல்லை.

பொங்கலுக்குப் பிறகு வீடியோ அழைப்புகளில் அப்பாயியைக் காணவே முடியவில்லை. கேட்கும்போதெல்லாம் “தூங்குறாங்க” என்றே பதில் வந்தது. நான்கரை மணி நேர வித்தியாசத்தில், முதியவர் உறங்கும் வேளையாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். வெளிப்பாளையத்து வீட்டின் முன்னறைக்கு நகர்ந்திருந்த கட்டிலைக் கண்டபோதுதான் உண்மை தெரிந்தது. தை மாதத்தில் அப்பாயிக்கு மூளையின் இடப்பக்கம் இரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. வலக்கை முடங்கியது. பேச்சும் போயிற்று. “சொல்லியிருந்தா எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நின்னுருப்ப” என்றார் அப்பா. அது பொய்யில்லை. அதனாலேயே அவளால் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை, கோபத்தை விடவும் முடியவில்லை.

பேச்சிழப்பைப் பற்றி அவள் முதுகலையில் படித்துத் தேர்வு எழுதியவள். 1861இல் பாரிசில் புரோக்கா கண்ட நோயாளி, எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஒற்றை அசையையே சொன்னவர், எல்லா மொழியியல் மாணவர்களுக்கும் அறிமுகமானவர். சிந்தித்துத் தொடுக்கும் வாக்கியங்கள் சிதைந்த பின்னும், எண் வரிசை, வழிபாட்டு வரிகள், வசவுகள், வழியனுப்பும் வாய்பாடுகள் போன்றவை சிலரிடம் பிழைத்திருக்கும் என்று பாடநூலில் இருந்தது. அப்பாயியிடம் எஞ்சியிருந்தது “போயிட்டு வா.” அவள் பெட்டியோடு உள்ளே நுழைந்ததும் முகமெல்லாம் மலர, இடக்கையை நீட்டி, “போயிட்டு வா, போயிட்டு வா” என்றார். அப்போதுதான் வந்தவளிடம். அம்மா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குப் போய் வெகுநேரம் தண்ணீர் குடித்தாள்.

பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒருமுறை வந்தார். மற்ற நாள்களில் பொறுப்பு அவளுடையதாயிற்று. லைடன் மூதாட்டி பிரியும்போது பரிசளித்த கழிப்பறை நாட்காட்டி இங்கேதான் பயன்பட்டது. முதலில் அதை உரிய இடத்தில் மாட்டவே அவள் முயன்றாள். “குலசாமி பேரு வச்ச மனுசரு உங்க அப்பா, அவரு பேர கக்கூசுல எழுதித் தொங்கவிடுவியா?” என்று அம்மா தடுத்துவிட்டார். எனவே அது அப்பாயியின் கட்டிலருகே வந்தது. கிழமைகளின் குறுக்கீடு இன்றி, ஒன்று முதல் முப்பத்தொன்று வரை நேராக இறங்கும் எண்கள். ஒன்றை அவள் தொடங்கி வைத்தால் அப்பாயி தங்குதடையின்றி இறங்கிவிடுவார். ஏழில் நிறுத்தி, “இது என்ன?” என்றால் சொல் வராது; மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி ஏழுக்கு வந்து சேர வேண்டும். ஆகஸ்ட் நடுவில் ‘காப்பி’ வந்தது. அடுத்த வாரம் ‘சனியனே’ வந்தது, அது அப்பாவுக்கு. அவர் அன்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்பாயியின் பிறந்தநாளை நாட்காட்டியில் குறிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தேதி யாருக்கும் தெரியவில்லை. 1952ஆம் ஆண்டுப் புயலில் நாகப்பட்டினமே சீர்குலைந்தபோது கைக்குழந்தையாக இருந்தார் என்பது மட்டும் குடும்பத்துக்குத் தெரியும். புயல் கரை கடந்த நவம்பர் 30இலேயே பெயரை எழுதி வைத்தாள். நல்ல நாளாகப் பார்த்து எழுதியிருக்கக் கூடாதா என்று அத்தை கடிந்துகொண்டார். பேசத் தொடங்கிவிட்டார் என்பதே பெரிது.

செப்டம்பரில் ஹைதராபாத் திரும்பினாள். இரண்டாம் இயலைச் சமர்ப்பிக்கும் கெடு எப்போதோ கடந்திருந்தது. புறப்படுமுன் அப்பாவோடு உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டாள்: நல்லதோ கெட்டதோ, அன்றைய செய்தியை அன்றே சொல்லிவிட வேண்டும், அவளும் கேட்டவுடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவர மாட்டாள். இரண்டு வாக்குறுதிகளும் எவ்வளவு நாள் தாங்கும் என்று இருவருக்குமே தெரியவில்லை.

விடுதிக்கு வந்த முதல் இரவு வீட்டுக்கு அழைத்தாள். அம்மா எடுத்தார். சாப்பாடு, மழை, அத்தை எல்லாம் பேசி முடித்த பிறகு அப்பாயியைக் கேட்டாள்.

“தூங்குறாங்க.”

கேமராவைத் திருப்பச் சொன்னாள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து முன்னறைக்கு நடந்தார். நாட்காட்டிக்குக் கீழே, வாய் சற்றே திறந்திருக்க, அப்பாயி உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தார்.