பெயர் ஒன்று, கடன் வேறு

டிசம்பர் 5, 2024 – திண்டிவனம்

கரண்ட் வந்துவிட்டது. வந்த பிறகுதான் எது எது போயிருக்கிறது என்று தெரிகிறது. ஃபிரிட்ஜ், மோட்டார், கீழ்வீட்டு வயரிங் மொத்தமும். மரபீரோவின் அடிப்பலகை ஊறிப் பிரிந்து நிற்கிறது. ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. கிடங்கல் பக்கம் குடியிருக்கும் எங்களுக்கு ஏரி எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று இரண்டு நாள் தெரியவில்லை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டதால் ரயிலையும் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடமும் இல்லை.

ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்திருக்கிறது. எலக்ட்ரீஷியனும் கொத்தனாரும் சேர்ந்து போட்டுக் கொடுத்த கணக்கு 5 லட்சத்தில் நிற்கிறது.

எனக்கு முன்னால் வேலைக்கு வந்தவர்களுக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை, ஜி.பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருக்கிறோம். மாதாமாதம் பத்து சதவீதம் பிடிக்கிறார்கள்; அவசரத்துக்கு அதில் ஒரு ரூபாயைத் தொட முடியாது. நான் 2004-ல் தொகுப்பூதியத்தில் ஆசிரியராகச் சேர்ந்தவள். ஆகவே வங்கிதான்.

டிசம்பர் 18 – விழுப்புரம்

அரையாண்டுத் தேர்வை எங்கள் மாவட்டத்துக்கு ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள். மதியம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, சம்பளக் கணக்கு இருக்கும் கிளைக்குப் போனேன். அரசின் களஞ்சியம் செயலியில் எடுத்த சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆறு மாத ஸ்டேட்மென்ட், ஆதார், பான். மொத்தச் சம்பளம் ஒரு லட்சத்துக்கு மேல். வீட்டுக் கடனுக்குப் போகும் மாதத் தவணை அதில் நாலில் ஒரு பங்குகூட வராது.

கடன் பிரிவில் இருந்த தம்பி சீட்டைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். "மேடம், உங்க சம்பளத்துக்கு அஞ்சு லட்சமெல்லாம் ஒண்ணுமே இல்ல. ரெண்டு நாள்ல கிரெடிட் ஆயிடும்." டீகூட வந்தது. அரசு ஊழியர், கஸெட்டில் இல்லாவிட்டாலும் கருவூலச் சம்பளம். இந்த ஊரில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஜவுளிக்கடையிலிருந்து சீட்டு பிடிப்பவர் வரை எல்லோரும் தரும் மரியாதை. நானும் அதை நம்பித்தான் வளர்ந்திருக்கிறேன்.

ஜனவரி 6, 2025

நிராகரித்துவிட்டார்கள். குறுஞ்செய்தி, இரண்டு வரி: வங்கியின் உள் விதிமுறைகளின்படி தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. கிளைக்குப் போனால் அதே தம்பி கம்ப்யூட்டரைக் காட்டுகிறார். "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு மேடம், எங்க கையில எதுவும் இல்ல." இன்று டீ வரவில்லை.

திரும்பி ரயிலில் உட்காரும்போது, அதே வங்கியிலிருந்து இன்னொரு செய்தி. உங்களுக்காக 8 லட்சம் வரை கடன் தயார், கீழே உள்ள இணைப்பை அழுத்தவும். பேரணி தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் இருக்கும் கிடங்கல் ஒரு காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் அவன். வந்த பாணனிடம் அவன் பான் கார்டு கேட்கவில்லை. தமிழ் டீச்சருக்கு இப்படித்தான் ஆறுதல் தேடத் தெரியும்.

ஜனவரி 8

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன், இப்போது வேறொரு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறான். போன் போட்டேன்.

"டீச்சர், சம்பளத்த யாரு பாக்கறா? சம்பளம் உள்ள வர்றதுக்கு கேட் பாஸ் மாதிரி. உள்ள வந்தப்புறம் பாக்கறது பழைய கடன எப்படிக் கட்டினீங்கங்கறதத்தான்."

பிறகு விளக்கினான். தனிநபர் கடனுக்கு ஈடு கிடையாது. கட்டாமல் போனால் வங்கி எடுத்துக்கொள்ள வீடும் இல்லை, வண்டியும் இல்லை. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி இந்த வகைக் கடன்களுக்கான இடர் மதிப்பை 100 சதவீதத்திலிருந்து 125-ஆக ஏற்றியது. அதாவது, இப்படிக் கடன் கொடுத்தால் வங்கி தன் சொந்த மூலதனத்தில் கூடுதலாக ஒதுக்கி வைக்க வேண்டும். அதிலிருந்து சல்லடையின் கண் சிறுத்துவிட்டது. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் ஏறத்தாழ பாதியைத் தாண்டினால் தயங்குவார்கள். தொழிலைப் பார்த்து ஒதுக்குவதும் உண்டு. வக்கீலுக்கும் போலீஸுக்கும் கடன் கொடுக்கப் பல நிறுவனங்கள் யோசிக்கும் என்று ஊருக்கே தெரியும். "உங்களுக்கு இதுல எதுவும் பொருந்தாதே டீச்சர். ஸ்கோர்லதான் ஏதோ இருக்கு. காரணத்த எழுத்துல கேளுங்க. வேற பேங்க்ல இப்ப அப்ளை பண்ணாதீங்க. ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்ல ஏறும்."

எழுத்தில் கேட்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. கடன் கொடுப்போருக்கான நியாய நடைமுறைகளில் 2007 மார்ச்சிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது: தொகை எவ்வளவானாலும், கிரெடிட் கார்டு விண்ணப்பமே ஆனாலும், மறுத்தால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "உள் விதிமுறை" என்பது காரணம் ஆகாது. இரவே கடிதம் எழுதினேன். உரைநடை நன்றாகவே வந்தது.

ஜனவரி 18

பொங்கல் முடிந்ததும் பதில் வந்தது: கடன் மதிப்பெண் குறைவு.

இந்தியாவில் இந்த மதிப்பெண் போடும் நிறுவனங்கள் நான்கு. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். எல்லாவற்றையும் சேர்த்து ஊரில் "சிபில்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017-லிருந்து நடப்பில் உள்ள விதி.

எடுத்துப் பார்த்தேன். என் வீட்டுக் கடன் இருக்கிறது; மாதக் கட்டங்களில் எல்லாம் 000, 000, 000. ஒரு நாள்கூடத் தாமதமில்லை என்று அர்த்தம். அதற்குக் கீழே நான் வாங்காத ஒரு இருசக்கர வாகனக் கடன். அதன் கட்டங்கள் 000 என்று ஆரம்பித்து, 030, 061, 092 என்று ஏறுகின்றன. 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். கடைசியில் "ரைட்டன் ஆஃப்": வசூலாகாது என்று கணக்கில் தள்ளிவிட்டார்கள். பாக்கி நாற்பதாயிரத்துக்கும் கீழே.

வண்டி ஓட்டவே எனக்குத் தெரியாது.

பெயர் என் பெயர். பிறந்த தேதி என் பிறந்த தேதி. முகவரி திண்டிவனம் வட்டம், 604001. பான் எண் காலி. வாக்காளர் அட்டை எண் மட்டும் வேறு.

ஜனவரி 19

தூக்கம் வரவில்லை. தேதி எப்படி ஒத்துப்போகும் என்று யோசித்தால், அதற்குப் பதில் எங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. எழுபதுகளில் பிறந்த கிராமத்துப் பிள்ளைகளில் யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? வலக்கையைத் தலைமேல் வளைத்து இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது ஆயிற்று. தலைமையாசிரியரே ஜூன் ஆரம்பத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். எனக்கும் அப்படிப் போட்டதுதான். பக்கம் பக்கமாகப் புரட்டினால் ஒரே தேதியில் பாதி ஊர் பிறந்திருக்கும்.

பெயரோ, லட்சுமியில் முடிவது. என் வகுப்பிலேயே என் பெயரில் இன்னும் இருவர் இருந்தார்கள். இனிஷியலை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அந்த இனிஷியலும் பெண்களுக்கு நிலையில்லை. பான் கார்டில் எனக்கு அப்பா பெயர் முழுதாக நிற்கிறது. ஆதாரில் கணவர் இனிஷியல். வங்கிப் புத்தகத்தில் இரண்டும். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வடக்கத்தி வழக்கத்துக்கு ஏற்ற கட்டங்கள் இவை. நாம் அதில் அப்பாவையோ கணவரையோ திணித்து ஒப்பேற்றுகிறோம். பான் எண் இல்லாமல் ஒரு ஃபைனான்ஸ் பதிவு வந்து விழும்போது, பெயர், தேதி, பின்கோடு மூன்றும் ஒத்தால் கம்ப்யூட்டர் இரண்டு பேரை ஒருத்தியாக்கிவிடுகிறது.

அந்த இன்னொருத்தியையும் நினைத்துக்கொள்கிறேன். பால் ஊற்றப் போக வண்டி வாங்கினாளோ, மகனுக்கு வாங்கிக் கொடுத்தாளோ. அவள் கட்டாத பாக்கி என் தலையில் விழுந்ததுபோல, நான் ஒழுங்காகக் கட்டிய 000-க்கள் அவள் பக்கம் போயிருக்கின்றனவா? போயிருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் அவ்வளவு தாராளமாக இருக்காது.

பிப்ரவரி 22

திருத்தம் ஆகிவிட்டது. மதிப்பெண் நிறுவனத்தில் ஆன்லைனில் புகார் செய்தேன். அவர்கள் கடன் கொடுத்த ஃபைனான்ஸைக் கேட்டார்கள். ஃபைனான்ஸ் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும், மொத்தமும் 30 நாளுக்குள் முடிய வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் புகார்தாரருக்கு. 2023 அக்டோபரில் அறிவித்து 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. அந்த 100 ரூபாய்க்கு வேலை வைக்காமல் முடித்துவிட்டார்கள். முடிக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கலாம். 2022 செப்டம்பரிலிருந்து இந்த நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. ஒன்று மட்டும் அங்கே நடக்காது: "எனக்கு ஏன் கடன் தரவில்லை" என்ற வழக்கை அவர் எடுக்க மாட்டார். கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் வியாபார முடிவு. தவறான பதிவு, காரணம் சொல்லாமல் இருப்பது, இவற்றுக்குத்தான் அவர்.

வங்கித் தம்பி போன் செய்தார். "இப்ப அப்ளை பண்ணுங்க மேடம், உடனே ஆயிடும்." வேண்டாம் என்றேன். கீழ்வீட்டு வயரிங் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. என் தாலிச்சரடு தவிர மற்ற நகையெல்லாம் அதே வங்கியின் லாக்கரில் அடகாக இருக்கிறது. தங்கத்துக்கு யாரும் இனிஷியல் பார்ப்பதில்லை.

ஜூன் 29

பேப்பரில் ஒரு தீர்ப்பு. தேர்வில் வென்று, பணி நியமன ஆணையும் பெற்ற ஒருவரை, கடன் வரலாறு சரியில்லை என்று பாரத ஸ்டேட் வங்கி நீக்கியிருக்கிறது. அது சரியே என்கிறது சென்னை உயர் நீதிமன்றம். வேலைக்கான அறிவிப்பிலேயே அந்த நிபந்தனை இருந்ததாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கேரள உயர் நீதிமன்றம், மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கடனுக்கு என்று கண்டுபிடித்த எண் வேலைக்கும் வந்துவிட்டது. நாளை சம்பந்தம் பேசும்போதும் கேட்பார்கள். வேலை இழந்த அவர் உண்மையிலேயே கட்டாதவராக இருந்திருக்கலாம். என் அறிக்கையில் இருந்தவளும் கட்டாதவள்தான், நான்தான் அவள் இல்லை.

ஆகஸ்ட் 30

நிதித் துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி மக்களவையில் சொன்னதை ஸ்டாஃப் ரூமில் படித்தோம். கடனுக்கு இத்தனை மதிப்பெண் கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி எதையும் நிர்ணயிக்கவில்லை. முதல்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறே இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. நல்லதுதான். ஆனால் வரலாறு இல்லாதவருக்கு ஒரு வழி சொன்னார்களே தவிர, அடுத்தவர் வரலாறு ஒட்டிக்கொண்டவருக்கு வழி அவரே தன் அறிக்கையை எடுத்துப் பார்ப்பதுதான்.

கணித டீச்சர் உடனே போனில் தன் அறிக்கையை எடுத்தார். சுத்தமாக இருந்தது. அறிவியல் டீச்சருடையதில், விழுப்புரத்தில் அவர் குடியிருக்காத ஒரு தெரு.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியவர்கள், ஜூன் மாதத்தில் "பிறந்தவர்கள்" யாராக இருந்தாலும், கடன் தேவைப்படும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே நான்கு நிறுவனங்களிலும் இலவச அறிக்கையை எடுத்துப் பாருங்கள். முதலில் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். முகவரியையும் அடையாள எண்களையும் பாருங்கள்.