கிணத்தடியில ஒரு மிசிசிப்பி ஆமை

எங்கட போர்டிங்கில நாங்கள் மூன்று பேரும் ஒரு ஆமையும் இருக்கிறோம். மூன்று பேருமே கலைப்பீடம்: ஒருத்தி புவியியல், ஒருத்தி தமிழ், ஒருத்தி ஊடகக் கற்கை. ஆமை வந்தது போன வருசம் பங்குனியில். கனடாவுக்கு வெளிக்கிட்ட ஒரு சீனியர் அண்ணை கண்ணாடித் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து தந்தார். அவருக்கு அதைக் கொடுத்தவரும் வெளிநாடு போனவர்தானாம். ஆக, நாங்கள் மூன்றாம் கை. "பெரிய வேலை ஒண்டுமில்லை தங்கச்சியவை, இந்தக் காய்ஞ்ச றாலில கொஞ்சம் போட்டாக் காணும்" எண்டு ஒரு டப்பாவையும் கையில் தந்துவிட்டுப் போனார்.

வந்தபோது அதன் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடந்தன. முதுகோட்டின் ஓரத்தை விரலால் அமத்தினால் மெல்ல அமுங்கியது. சாப்பாடு போட்டால் திரும்பியும் பார்க்கவில்லை. கண் தெரியாத ஆமை சாப்பிடாது, அது இரையைக் கண்ணால் கண்டு பிடிக்கிற சாதி. யாழ்ப்பாணத்து மிருக வைத்தியர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது மாடும் ஆடும் நாயும். நாங்கள் போய்ப் பார்த்தவர் சிரிக்காமல் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மருந்தைவிட இதுக்குச் சாப்பாடும் வெயிலும்தான் வேணும் பிள்ளையள்" என்றார். அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள எங்களுக்கு நாலைந்து மாதம் எடுத்தது.

இது எங்கட ஊர் ஆமை இல்லை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருப்பதால் சிவப்புக்காது ஆமை எண்டு பெயர். சொந்த ஊர் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். கடையில் வாங்கும்போது பழைய ரூபாய்க் குற்றி அளவில் பச்சையாக, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். பெட்டையென்றால் ஒரு அடி நீளம்வரை வளரும். ஒழுங்காகப் பார்த்தால் முப்பது வருசம்கூட உயிரோடு இருக்கும். இந்த இரண்டையும் கடைக்காரர் சொல்வதில்லை.

காய்ந்த றாலில் ருசி இருக்கிறது, விற்றமின் ஏ இல்லாத மாதிரித்தான். மாதக்கணக்காக அதையே போட்டால் முதலில் கண் வீங்கும். பிறகு கல்சியம் குறைந்து ஓடு மெலியும். நாங்கள் முதலில் செய்தது அந்த டப்பாவை அன்ரியின் கோழிகளுக்குக் கொட்டியது. (கோழிகளுக்குச் சரியான சந்தோசம்.) திருநெல்வேலிச் சந்தையில் கங்குன் ஒரு பிடி, கொஞ்சம் பூசணி, கரட். வேலியில் முருங்கை எப்பவும் இருக்கு. பசளியை மட்டும் அடிக்கடி கொடுப்பதில்லை, அதிலுள்ள ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தை உடம்பில் சேரவிடாது. முதல் இரண்டு கிழமை வாயைத் திறக்கவேயில்லை. கொஞ்சம் ஈரலை நசுக்கி மூக்குக்கு முன்னால் பிடித்தபிறகுதான் ஒரு கடி. அன்று போர்டிங்கில் பாயாசம் காய்ச்சாத குறை.

கல்சியத்துக்கு எங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. வெளிநாட்டில் ஆமை வளர்ப்பவர்கள் கணவாய் ஓட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பாசையூர்ச் சந்தையில் கணவாய் துப்புரவாக்குகிற இடத்தில் கேட்டால் பையோடு தருவார்கள். சித்த வைத்தியத்தில் கடல்நுரை எண்டு சொல்வதும் இதைத்தான். நல்ல தண்ணியில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, தொட்டியில் மிதக்கவிட்டால் அது நினைத்த நேரம் கடித்துக்கொள்ளும். சின்ன மீனை முள்ளோடு கொடுக்கலாம். கருவாடு கூடாது, உப்பு.

எவ்வளவு கொடுப்பது? குஞ்சென்றால் ஒவ்வொரு நாளும். வளர்ந்ததுக்கு மீன், இறைச்சி வகை ஒருநாள் விட்டு ஒருநாள், அதன் தலை அளவு. இலையைத் தாராளமாகப் போடலாம். தண்ணீருக்குள்தான் போடவேண்டும், தண்ணி இல்லாமல் அதுக்கு விழுங்க ஏலாது. வள்ளுவர் அடக்கத்துக்கு ஆமையை உவமை சொன்னார். எங்கட தமிழ்க்காரிக்கு இதில் பெரிய மனவருத்தம், ஏனென்றால் இது ஆளைக் கண்டால் ஐந்தையும் வெளியே நீட்டிக்கொண்டு கண்ணாடியில் முட்டும். முட்டும்போதெல்லாம் போட்டால் கொழுத்துப்போய்த் தலையை உள்ளே இழுக்கமுடியாமல் நிற்கும்.

வெயில்தான் பெரிய கதை. அண்ணை அதைப் பட்டினி போட்டு வைத்திருக்கவில்லை, தொட்டிக்கு மேல் விசேச பல்பும் கட்டியிருந்தார். ஆனால் கழியூதாக் கதிர் தருகிற பல்பு ஒரு வருசத்துக்குள் அந்தக் கதிரைப் பெரும்பாலும் இழந்துவிடும். வெளிச்சம் மட்டும் பழையபடி எரியும். 2022 இல் கரண்ட் 13 மணித்தியாலம் நின்ற நாளும் இருந்தது, புதுப் பல்பு வாங்கப் போனால் இறக்குமதியும் இல்லை. தொட்டியை யன்னலோரம் வைத்தால் காணுமென்று நினைப்பவர்களும் உண்டு. சாதாரண கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும், சூடு மட்டுமே உள்ளே வரும். கதிர் தோலில் பட்டால்தான் விற்றமின் டி3 உண்டாகும், அது இருந்தால்தான் தின்ற கணவாய் ஓடு எலும்பில் சேரும். சாப்பாடும் வெயிலும் என்று அந்த வைத்தியர் சேர்த்துச் சொன்னது இதைத்தான்.

வருசத்தில் முக்கால்வாசி நாள் வெயில் எறிக்கிற ஊரில், அறைக்குள் பல்பின் கீழே ஓடு மெலிந்த ஆமை. எங்களுக்கு இது சரியாகப் படவில்லை. அன்ரியிடம் கேட்டோம். "ஆமை புகுந்த வீடு உருப்படாது பிள்ளை" எண்டு முதலில் தலையை ஆட்டினா. பிறகு கிணத்தடியில் உடுப்பு ஊறப்போடுகிற பழைய சீமெந்துத் தொட்டியைத் தந்தா. "வீட்டுக்க வரக்கூடாது, வெளிய கிடக்கட்டும்."

தொட்டிக்குள் ஒரு பனங்குற்றியைச் சரித்து வைத்தோம். பாதி தண்ணிக்குள், பாதி வெளியில். சொரசொரப்பு இருப்பதால் நகம் பிடிக்கும். அடிவயிறுகூடக் காய்கிற மாதிரி முழு உடம்பும் வெளியே வரவேண்டும், இல்லையென்றால் ஓட்டில் பாசியும் பூஞ்சணமும் பிடிக்கும். முதல் நாள் ஏறவில்லை, நாங்கள் பக்கத்தில் நின்றதால். ஒளிந்து நின்று பார்த்தபோது ஒன்பது மணிபோல ஏறி, பின்கால் இரண்டையும் பறக்கப்போகிறமாதிரி நீட்டிக்கொண்டு படுத்தது.

ஆனால் எங்கட வெயில் ஆளையும் கொல்லும். சித்திரையில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வரும். புவியியல்காரி தெர்மோமீற்றரோடு திரிந்தாள்: வெட்டவெளியில் வைத்த பிளாஸ்ரிக் பேசினில் மத்தியானம் 39 பாகை, மாமர நிழல் பாதி விழும் சீமெந்துத் தொட்டியில் 30. பேசினில் விட்டிருந்தால் அவிந்திருக்கும். நிழலுக்கு ஓடக்கூடிய வழி இல்லாமல் ஆமையை வெயிலில் வைக்கக்கூடாது. மேலே பழைய மீன்வலைத் துண்டொன்று, காகத்துக்கும் பூனைக்கும். மாரியில் வெயில் இல்லாத கிழமைகளில் கொஞ்சமாகத்தான் சாப்பிடும். நாங்களும் குறைத்துக்கொள்வோம்.

தொட்டித் தண்ணியைக் கிணத்துப் பக்கம் ஊற்றுவதில்லை. கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது கிணத்துக்குள் இறங்க அதிக நேரம் எடுக்காது. ஆமையின் உடம்பில் சல்மொனெல்லா இருக்கலாம். 10 சென்ரிமீற்றருக்குச் சின்ன ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975 இல் தடைசெய்தது சின்னப்பிள்ளைகளுக்கு அதனால் வருத்தம் வந்ததால்தான். வளவின் மற்றக் கரையில் நிற்கிற வாழைக்குப் போகிறது தண்ணி. வாழை நல்லா வந்திருக்கு. நாங்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறோம்.

கண் இரண்டும் திறந்து ஏழெட்டு மாதமாகிறது. ஓடு இப்ப அமுங்குவதில்லை.

இனி எங்கட பிரச்சினை. அடுத்த வருசம் படிப்பு முடியும். ஒருத்திக்கு இப்பவே வெளியில் அலுவல் பார்க்கிறார்கள், மற்ற இரண்டு பேரும் எங்கே நிற்போமென்று சொல்லத் தெரியாது. "கொண்டுபோய் ஆரியகுளத்தில விடுங்கோவன்" என்று சொன்னவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997 இல் இறக்குமதியை நிறுத்தியது. எங்கட குளங்களில் பாலாமையும் கறுப்பாமையும் ஏற்கனவே இருக்கின்றன. அந்தப் பாலாமை இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. வெயில் காய ஒரு கட்டை கிடந்தால், அதில் பெரிய உடம்புக்காரர்தான் ஏறி இருப்பார். ஆகவே குளம் இல்லை, கிணறும் இல்லை.

நாலாம் கைக்குத் தேடுகிறோம். வளவு இருக்கவேண்டும், வாடகை வீடாக இருக்கக்கூடாது, விசாவுக்குப் போட்டிருக்கக்கூடாது. கடைசி நிபந்தனையிலேயே முக்கால்வாசிப் பேர் விழுந்துவிட்டார்கள். இணுவிலிலிருந்து வருகிற ஒரு முதலாம் வருசத் தம்பி மட்டும் இரண்டுதரம் வந்து பார்த்தான். கணவாய் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான், பனங்குற்றியை எங்கே வெட்டினது எண்டு கேட்டான்.

"அக்கா, பேர் சொன்னா வருமா?"

"வராது. கங்குனைக் காட்டினா வரும்."

அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறான்.