கொரியப் பாடலும் நம் இல்லமும்



அரியமங்கலத்து வீடுகளில் இந்நாள்களில் கடல் கடந்த நாடொன்றின் பாடல் ஒலிக்கிறது. ‘கே-பாப்’ என்று இளையோர் அழைக்கும் கொரிய இசையே அது. நம் பாடகர் குழுச் சிறுமியர் வாயிலாக என் செவிக்கு எட்டிய அவ்விசை, என் உள்ளத்திலும் இடம்பிடித்துவிட்டது. அதை நான் விரும்பிக் கேட்கிறேன்.

குருமடத்தில் கிரகோரியன் இசை பயின்ற செவி எனது. பலரும் ஒரே குரலாய்ப் பாடுவது அவ்விசையின் அழகு. கொரியப் பாடலின் அழகு வேறு. 2013-இல் அரங்கேறிய பி.டி.எஸ். குழுவில் இளைஞர் எழுவர். ஒருவர் மெல்லத் தொடங்குவார். மற்றொருவர் விரைந்த சொற்களால் தொடர்வார். பிறிதொருவர் குரலை மேலே உயர்த்துவார். ஒருவர் மற்றவருக்கு வழிவிடும் அந்தப் பாங்கு என்னைக் கவர்ந்தது. 2017-இல் வெளியான ‘ஸ்பிரிங் டே’ எனக்கு மிகவும் பிடித்த பாடல். பிரிந்த நண்பனைக் காண ஏங்கி, குளிர்காலம் கழியக் காத்திருக்கும் உள்ளத்தின் பாடல் அது. நவம்பர் மாதத்தில் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி நிற்கும் நமக்கு அந்த ஏக்கம் அயலானதன்று.

மொழி புரியாத பாடலில் என்ன சுவை என்று பெரியவர்கள் வினவுகிறார்கள். நம் பாட்டன் பாட்டியர் இலத்தீன் பாடல்களைப் பொருள் அறியாமலே உருகிப் பாடியவர்கள்தாமே! இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரன்றோ நம் திருப்பலி தமிழில் ஒலித்தது!

ஆயினும் பெற்றோர் சிந்திக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நம் அண்டை மாவட்டமாகிய கரூரில், 2024 ஜனவரியில், 13 வயதுச் சிறுமியர் மூவர் பி.டி.எஸ். குழுவினரைக் காண வீட்டைவிட்டுப் புறப்பட்டனர். கையில் இருந்தது சேமித்த 14,000 ரூபாய். ஈரோட்டிலிருந்து ரயிலேறிச் சென்னை சேர்ந்தனர். விசாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக் கொரியா செல்வது அவர்கள் எண்ணம். இறுதியில் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டனர். வழியில் தீயோர் கையில் சிக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்!

இத்தகைய செய்தியைக் கேட்டதும் கைப்பேசியைப் பிடுங்கி வைக்கத் தோன்றும். ஆனால் பிள்ளைகள் அப்பாடல்களில் எதைக் கண்டார்கள் என்பதை நாம் அறிய வேண்டாமா? 2018-இல் ஐக்கிய நாடுகள் அவையில் அக்குழுவின் தலைவர் உரையாற்றியபோது, இளையோர் தங்களை நேசிக்கவும், தங்களைப் பற்றித் தாங்களே பேசவும் அழைப்பு விடுத்தார். பேசு என்று கொரியாவிலிருந்து ஒருவர் அழைக்கிறார். கேட்பதற்கு வீட்டில் ஒரு செவி வேண்டும். மதிப்பெண்ணையும் வீட்டு வேலையையும் தவிர வேறெதையும் நாம் பிள்ளைகளிடம் விசாரிப்பதில்லையெனில், அவர்கள் மனம் வெளியே தோழமை தேடும்.

ஆகவே, பெற்றோரே, குடும்பச் செபமாலை முடிந்தபின் ஒருநாள், “உனக்குப் பிடித்த பாட்டை எங்களுக்கும் போட்டுக் காட்டு” என்று கேளுங்கள். முழுவதும் கேளுங்கள், நடுவில் குறை கூறாதீர்கள். பின்னர் நீங்களும் கொரியாவைப் பற்றி ஒரு கதை சொல்லுங்கள். 1784-இல் அந்நாட்டார் ஒருவர் பீக்கிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பி, தம் நண்பர்களுக்கும் திருமுழுக்கு அளித்தார். குருக்கள் வருமுன்னே பொதுநிலையினரால் வேரூன்றிய திருச்சபை அது. அம்மண்ணின் முதல் குருவாகிய அந்திரேயா கிம் 1846-இல் உயிர் ஈந்தார். அவரையும் சேர்த்து 103 மறைசாட்சியரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 மே 6 அன்று சியோல் நகரிலேயே புனிதர்களாக உயர்த்தினார்.

2027-ஆம் ஆண்டு உலக இளையோர் நாளுக்கும் அதே சியோல் நகரைத்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தேர்ந்தெடுத்தார். கொரியாவைக் காண விரும்பும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். போக இயலுமோ இயலாதோ, அந்த ஆசையைப் பெற்றோரிடம் அச்சமின்றிச் சொல்லலாம் என்று பிள்ளை உணர்ந்தால் அதுவே பெரும் பாதுகாப்பு. நம் இல்லங்களில் பாடலும் பேச்சும் ஒருங்கே ஒலிக்க, நாசரேத்துத் திருக்குடும்பம் நமக்குத் துணை நிற்பதாக.