பாதி வழியில் நின்ற வண்டி

மாநகரில் வாழ்வோர்க்கு உணவும் உறையுளும் போலப் போக்குவரவும் இன்றியமையாத ஒன்றாகும். எனினும், ஊர்தி நாடோறும் தவறாது வருங்காறும் அதன் அருமையை ஒருவரும் எண்ணுவதில்லை. அது நின்ற பின்னரே, அதனை நம்பி எத்துணைக் குடும்பங்கள் வாழ்ந்தன என்பது விளங்கும். இவ்வுண்மையை யான் நூல்களிற் கற்றிலேன். சென்னையின் பறக்கும் ரயிலிற் கற்றேன்.

என் இல்லம் திருவான்மியூரில் உள்ளது. கல்லூரியோ நகரின் வடபால் உள்ளது. 1995-ஆம் ஆண்டிற் கடற்கரைக்கும் சேப்பாக்கத்திற்கும் இடையே ஓடத் தொடங்கி, 1997-இல் திருமயிலை வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் நீண்ட அவ்விருப்புப்பாதையே எனக்கு உற்ற துணை. காலையில் ஏறி அமர்ந்தால், பாடத்தை ஒருமுறை பார்த்து முடிப்பதற்குள் கடற்கரை நிலையம் வந்துவிடும்.

அவ்வண்டியில் தரமணியில் ஏறிவரும் அம்மையார் ஒருவர் நாடோறும் என் எதிரே அமர்வார். கடற்கரை நிலையத்திற்கு அருகே ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பது அவர் தொழில். வழி நெடுகிலும் அவர் விரல்கள் ஓயாமற் பூத் தொடுத்துக்கொண்டிருக்கும். இறங்கியதும் தொடுத்த சரத்தை ஒரு கடையிற் கொடுத்துக் கூலி பெறுவார். மகளின் பள்ளிச் செலவு அக்கூலியில் நடப்பதாக ஒருநாள் கூறினார்.

நிற்க. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காம் இருப்புப்பாதை அமைக்கும் பொருட்டு, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் முதல் எங்கள் வண்டி சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. நெருக்கம் மிகுந்த அவ்வழிக்கு மற்றொரு பாதை வேண்டுவதே. அதனை யான் மறுக்கவில்லை. ஏழு திங்களில் முடியும் என்றனர். பதினான்கு திங்கள் சென்றன.

குறைந்த தொலைவு ஏறத்தாழ 4 கிலோமீட்டரே. இடையில் உள்ளவை பூங்கா நகர், கோட்டை என்னும் இரண்டு நிலையங்களே. ஆயினும், படியிறங்கிச் சாலைக்கு வந்து, பேருந்திற்குக் காத்து நின்று, நெரிசலிற் புகுந்து பாரிமுனை சேர்வதற்குள் முக்கால் மணி கழியும். எனக்கு முதற்பாடத்தின் வருகைப்பதிவு பலநாள் தவறியது. ஆசிரியர் காரணம் கேட்டுப் பொறுத்தருளினர். என் இழப்பு அவ்வளவே.

அவ்வம்மையாருக்கு நேர்ந்ததோ வேறு. பேருந்திலே கம்பியைப் பற்றி நிற்பவர் பூத் தொடுத்தல் எங்ஙனம்? அக்கூலி நின்றது. காலந்தாழ்த்து வந்ததற்காக அலுவலகத்திலும் சம்பளம் பிடிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளிற் பெண்டிர்க்குக் கட்டணம் இல்லையே என்று யான் அறியாமையாற் கூறினேன். அவர் சினந்திலர்.

"பஸ்ஸுக்குக் காசு வேணாம், தம்பி. நேரம் வேணுமே! நாலு மணிக்கு எழுந்திருக்கிறவ இன்னும் எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன்?" என்றார்.

யான் விடை அறியாது நின்றேன். அடுத்த சில வாரங்களில் அவர் அவ்வேலையை விட்டு, தரமணியிலேயே குறைந்த ஊதியத்திற்கு வீட்டுவேலை செய்யப் போவதாகக் கூறிச் சென்றார். அதன்பின் யான் அவரைக் கண்டிலேன்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் வண்டி மீண்டும் கடற்கரை வரை ஓடலாயிற்று. என் காலைப்பொழுது எனக்குத் திரும்பக் கிடைத்தது. எதிர் இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருந்தார்.

நண்பர்காள்! 'தற்காலிகம்' என்னும் சொல்லை நாம் எளிதாக வழங்குகின்றோம். பொழுது மிகுதியாக உடையவர்க்கு அது தற்காலிகமே. ஒரு மணி நேரத்தையும் இழக்க இயலாதவர்க்கோ, அவ்விடைக்காலத்திற் போன வேலை வண்டியோடு திரும்பி வருவதில்லை. ஆதலின், நாளை நம்மிற் சிலர் பாதை அமைப்போராகவும் ஊர்திகளின் நேரத்தை வகுப்போராகவும் அமருங்கால், நிறுத்தப்படும் தொலைவை மட்டும் அளவாது, அவ்வழியே நாடோறும் செல்வோரது பொழுதையும் அளத்தல் வேண்டும். வேலை முடியுங்காறும் நிலையத்து வாயிலிலேயே மாற்று வண்டியொன்று காத்து நிற்குமாயின், ஓர் அம்மையாரேனும் தம் பூக்கூடையோடு எதிரே அமர்ந்திருப்பார்.