மூன்று நாடாக்களின் ஊர்

காஞ்சீபுரத்துக்குப் போகும் யாத்ரிகர்கள் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் தரிசித்த பின், பட்டுக் கடைக்குள் நுழைந்து, ஜரிகைக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். அந்தக் கரை பிறக்கும் இடத்தைக் காண்பவர் சிலரே. அதற்கு விடியற்காலையில் பிள்ளையார்பாளையம் போக வேண்டும். தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் இழைகளைப் பிரித்து உலர்த்தும் காட்சியை அங்கே காணலாம்.

வீட்டுக்குள் குழித்தறி. நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை அழுத்துகிறார். விழுதுகள் ஏறி இறங்க, பாவு இரண்டாகப் பிரிந்து வழி விடுகிறது. அவ்வழியே நாடா ஓடுகிறது. அச்சு ஊடையைத் தட்டி நெருக்குகிறது.

இது எல்லாத் தறிக்கும் பொது. காஞ்சியின் விசேஷம் 'கோர்வை'. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் வேண்டும். கரை தொடங்குமிடத்தில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகின்றன. 1733இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த, கயிற்றைச் சுண்டினால் ஓடும் நாடாவுக்கு இந்த நயம் தெரியாது. அது நடுவில் நில்லாமல் ஒரே ஓட்டமாக மறுபக்கம் போய்விடும். நெசவாளருக்கோ கைகள் இரண்டுதான். ஆகவே, மறுபக்கத்துக் கரை நாடாவைச் செலுத்த இன்னொருவர் அருகில் அமர வேண்டும்.

அந்த இன்னொருவர் வெகு காலம் பெரும்பாலும் ஒரு சிறுவனே. பூ வேலைக்கான 'அடை' நூல்களை இழுப்பதும் உதவியாளின் பொறுப்பாகவே இருந்தது. ஜக்கார்டு பெட்டி வந்து, துளையிட்ட அட்டைகளால் அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. மூன்றாவது நாடா மாத்திரம் பிள்ளையின் கையிலேயே தங்கிற்று.

வகுப்பில் ஓர் இடம் காலியாயிருந்தால், ஏதோ ஒரு தறியில் ஓர் இடம் நிரம்பியிருக்கிறது என்பது நெசவாளர் ஊர்களின் உபாத்தியாயர்களுக்குத் தெரிந்த கணக்கு. 2009ஆம் வருஷத்துச் சட்டம் 6 முதல் 14 வயது வரையில் கல்வியைப் பிள்ளைகளின் உரிமையாக்கியது. நல்லதே நடந்தது. பிள்ளையின் படிப்பைத் தின்று வாழும் கலை நமக்கு வேண்டாம்.

அதற்காகக் கோர்வை அழிய வேண்டுமா? அந்த இடத்தில் வளர்ந்த ஒருவர் முழுக் கூலி பெற்று அமரலாமே! அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர்கள், புடைவை வாங்கும் நாமேயன்றோ?

அடுத்த கலியாணத்துக்குப் பட்டு எடுக்கும்போது, புடைவையைத் திருப்பி, கரை சேருமிடத்தைப் பாருங்கள். இரு நிற இழைகள் அங்கே பின்னிக் கிடந்தால், அது இருவர் உழைப்பு. ஒருவர் கூலிக்கு அதைப் பேரம் பேசுவது தர்மமாகாது.