அப்பாவின் கழுத்து

வேலையிடத்தில் கொடுத்த பற்றுச்சீட்டு வீணாகிவிடுமே என்றுதான் ஜொகூர் பாருவில் முதன்முதலாக ஸ்வீடிஷ் மசாஜுக்குப் போனேன். படுத்த பத்தாவது நிமிஷம் அப்பாவின் கழுத்து ஞாபகம் வந்தது.

அப்பா ஆயர் ஈத்தாம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் குலை வெட்டியவர். நீளக் கழியின் முனையில் அரிவாள். அண்ணாந்தபடியே இழுக்க வேண்டும். ஒரு குலை இருபது கிலோகூட இருக்கும். இப்போது இடப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்புகிறார்.

இன்ஜினியர் புத்தி, தேடிப் படித்தேன். 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்கை வைத்து வந்த பெயர் இது. ஆனால் பிரெஞ்சுப் பெயர்களோடு இதை முறைப்படுத்தியவராகச் சொல்லப்படுபவர் நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெஸ்கர். ஸ்வீடன்காரர்கள் 'கிளாசிக் மசாஜ்' என்றுதான் சொல்கிறார்களாம்! உள்ளங்கையால் நீளமாக நீவுவது எஃப்ளுராஜ். மாவு மாதிரி பிசைவது பெட்ரிசாஜ். விரலால் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்ப்பது ஃபிரிக்‌ஷன். அப்புறம் தட்டுவது, அதிர வைப்பது. நீவித் தசை இளகிய பிறகுதான் பிசைய வேண்டும். நச்செல்லாம் வெளியேறும் என்று கடை விளம்பரம் சொன்னதை நான் நம்பவில்லை. அதற்கு ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. வலி கொஞ்ச நாள் குறையும், மூச்சு நிதானமாகும், தூக்கம் வரும். அது போதாதா?

"சட்டையக் கழட்டுங்கப்பா. கழுத்த நீவி விடறேன்."

"அதெல்லாம் வேணாண்டா. கோடாலித் தைலம் தேய்ச்சா சரியாப் போயிடும்."

அம்மா தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி, ஊர்ப் பீங்கான் கடையில் வாங்கிய கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். அப்பா பேசாமல் முக்காலியில் உட்கார்ந்தார்.

கை வைத்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. தீபாவளிக்குக் காலில் விழுவேன். அதைத் தவிர அப்பாவை எப்போது தொட்டேன்? சின்ன வயசில் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது அவர்தான். தோள் கல்லாக இருந்தது. ரொம்ப நேரம் நீவ மட்டுமே செய்தேன். பிசையத் தொடங்கியபோது இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே கோலிக்குண்டு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டார். அழுத்தத்தைக் குறைத்தேன். மெதுவாக மூச்சு விட்டார். ஃபிரிக்‌ஷன் வரைக்கும் போக எனக்குத் துணிச்சல் இல்லை. திரும்பவும் நீவினேன்.

"அடுத்த வாரம் வருவியா?" முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

நான் மாசம் ஒரு தடவைதான் ஊருக்கு வருகிறேன். அது அவருக்கும் தெரியும்.

"வர்றேம்பா."